சானடோரியமா, வீடா? சென்னைக் காசநோய் ஆய்வு காட்டிய நோயின் வழித்தடம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் குரோம்பேட்டையைக் கடந்ததும் வரும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். அன்றாடம் அங்கே ஏறி இறங்குவோர் ‘சானடோரியம்’ என்பதை ஓர் ஊர்ப்பெயரைப் போலவே சொல்கிறார்கள். 1928-ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரி முத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையே அந்தப் பெயருக்குக் காரணம். அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திவந்த சானடோரியத்தில் கணித மேதை இராமானுஜனும் சில காலம் சிகிச்சை பெற்றார். தூய காற்று, முழு ஓய்வு, ஊட்டமான உணவு, வீட்டையும் ஊரையும் விட்டு விலகிய இடம் ஆகிய நான்குமே அக்காலத்தில் காசநோய்க்கு மருத்துவர்களால் கொடுக்க முடிந்தவை.

இந்த நான்கில் எது நோயைக் குணமாக்குகிறது, எது உடலைத் தேற்ற மட்டும் உதவுகிறது, எது வீட்டில் இருப்பவர்களைக் காக்கிறது என்று பிரித்தறியும் வாய்ப்பு 1956-ஆம் ஆண்டில், சென்னையில்தான் வாய்த்தது. அந்த ஆய்வை இங்கே விரிவாக எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நோய் எப்படித் தோன்றுகிறது, எப்படி முற்றுகிறது, எப்படித் தடுக்கப்படுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடைதான் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கிருமியால் வருகிறது, கிருமியைக் கொன்றால் தீர்ந்தது என்பது அந்த எண்ணத்தின் சுருக்கம். நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் போக்கைத் தீர்மானிப்பது வெவ்வேறு பொருள் என்பதைச் சென்னை ஆய்வும் அதைத் தொடர்ந்து வந்தவையும் காட்டுகின்றன. ஒரு கட்டத்தில் பயன்படாத ஒன்று இன்னொரு கட்டத்தில் உயிர்காப்பதாக இருக்கக்கூடும்.

தொற்று வேறு, நோய் வேறு

தமிழில் காசநோய்க்கு எலும்புருக்கி என்றும் சயம் என்றும் பெயர்கள் உண்டு. எலும்புருக்கி என்பது உடல் உருகுவதைச் சொல்கிறது. சயம் என்பது தேய்வைச் சொல்கிறது. காரணம் தெரியாத காலத்தில், கண்ணெதிரே ஒருவர் மாதக்கணக்கில் மெலிந்து போவதைப் பார்த்தவர்கள் அந்தப் போக்கையே பெயராக வைத்தார்கள். காரணம் தெரிந்தது 1882 மார்ச் 24-ஆம் நாள், பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தபோதுதான்.

ஆனால் காரணத்தைக் கண்டறிந்ததோடு ஒரு புதிய குழப்பமும் தொடங்கியது. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் துளிகளுள் பெரியவை தரையில் விழுந்துவிடுகின்றன. மிகச் சிறியவை நீர் உலர்ந்து, ஐந்து மைக்ரானுக்கும் குறைவான துகள்களாகக் காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன. அந்த அளவில் இருப்பதால்தான் அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று சேர்கின்றன. அங்கே காவலுக்கு நிற்கும் விழுங்கணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. காசநோய்க் கிருமியோ விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு இருந்து பெருகும் ஆற்றல் பெற்றது. சில வாரங்களில் உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டு, கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றிலும் அணுக்களை அடுக்கி ஒரு சிறு முடிச்சாக அடைத்துவிடுகிறது. கிருமி சாகவில்லை, சிறைப்பட்டிருக்கிறது. இதுதான் தொற்று. இந்நிலையில் உள்ளவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அவரால் பிறருக்குப் பரவுவதும் இல்லை. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்த நிலையில் இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

இவர்களுள் வாழ்நாளில் நோயாளியாக மாறுவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் மட்டுமே. அவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேர் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நோய்வாய்ப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு இருபது ஆண்டுகள் கழித்தும் வரலாம், எச்.ஐ.வி. தொற்றினாலோ நீரிழிவினாலோ பட்டினியாலோ முதுமையாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது அந்த முடிச்சு அவிழ்கிறது.

கிருமி நுழைவது நோய்க்கு இன்றியமையாதது, ஆனால் போதுமானது அன்று என்பதற்கு வரலாற்றில் மிகக் கொடிய சான்று ஒன்று உண்டு. 1930-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லூபெக் நகரில், பிறந்த குழந்தைகளுக்கு வாய்வழியே கொடுக்கப்பட்ட, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பு மருந்தில், ஆய்வகத்தில் நேர்ந்த தவற்றால் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. 250-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதைப் பெற்றனர். 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். எந்த மருந்தும் இல்லாத அந்தக் காலத்திலும், நேரடியாகக் கிருமியையே உட்கொண்ட பச்சிளங் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைத்தனர் என்பதை நோயியல் படிப்போர் ஒருபோதும் மறக்கக் கூடாது. இறந்த குழந்தைகளை எண்ணி நெஞ்சு கனக்கும் அதே வேளையில், பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்தது எது என்ற கேள்வியும் எழுந்தாக வேண்டும்.

முற்றும் விதம்

அடைபட்ட முடிச்சு உடைந்தபின் நோய் ஓடும் பாதை தெளிவானது. முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டியைப் போல மெத்தென்றாகி, பின் இளகி, அருகிலுள்ள மூச்சுக்குழாய்க்குள் வடிகிறது. வடிந்த இடத்தில் ஒரு குழி எஞ்சுகிறது. எக்ஸ்ரே படத்தில் மேல் நுரையீரலில் வளையம் போலத் தெரிவது இந்தக் குழிதான். குழிக்குள் காற்று தாராளமாக வந்து போவதால், காற்றை விரும்பும் இக்கிருமி அங்கே கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. ஒரே குழியில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கக்கூடும். நோயாளி இருமுவதும், சளியில் கிருமி வெளிப்படுவதும், பிறருக்குப் பரவுவதும் இந்தக் கட்டத்தில்தான் நிகழ்கின்றன.

சளிப் பரிசோதனையைப் பார்த்திருப்பவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும். கண்ணாடித் தகட்டில் தடவி உலர்த்திய சளியின் மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும் வரை சூடாக்கி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். மற்ற எல்லாமே அமிலத்தில் சிவப்பை இழந்து நீலமாகிவிட, மெழுகுத் தோல் போர்த்திய காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் நீலப் பரப்பின் மேல் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருந்தால்தான் அவை கண்ணில் படும். அதாவது, தகட்டில் சிவப்புக் குச்சி தெரியும் நாளுக்கு வெகுமுன்பே நோய் தொடங்கிவிட்டது. பின்னர் வரப்போகும் செய்திக்கு இதுவே அடிப்படை.

மருந்தே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தேசியக் காசநோய் நிறுவனம் 1960-களில் நடத்திய ஐந்தாண்டுத் தொடராய்வு இதற்கு விடை தந்தது. சளியில் கிருமி இருந்தவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தாமாகவே கிருமியற்றவர்கள் ஆயினர். எஞ்சியவர்கள் நோயோடும் கிருமியோடும் உயிர் வாழ்ந்து பிறருக்குப் பரப்பிக்கொண்டிருந்தனர். சானடோரியம் பல்லாண்டுகள் நற்பெயரோடு விளங்கியதன் காரணத்தை இந்த மூன்றில் ஒரு பங்கு ஓரளவு விளக்குகிறது. தாமாகக் குணமாகியிருக்கக்கூடியவர்களும் மலைக்காற்றுக்கே நன்றி சொல்லியிருப்பார்கள்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் 1948-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அம்மருந்து பெற்ற 55 பேரில் நான்கு பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதங்களுக்குள் இறந்தனர். வெற்றி என்றே எவருக்கும் தோன்றும். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 32 பேரும் இரண்டாம் பிரிவில் 35 பேரும் இறந்திருந்தனர். கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டதே காரணம். பத்துக் கோடிக் கிருமிகள் உள்ள குழியில், எந்த ஒரு மருந்துக்கும் இயல்பிலேயே அடங்காத சில கிருமிகள் இருந்தே தீரும். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அடங்கும் கிருமிகள் செத்து, அடங்காதவை அந்த இடத்தை நிரப்புகின்றன. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒருங்கே அடங்காத கிருமி இருப்பதற்கான வாய்ப்பு மிக மிக அரிதாகிவிடுகிறது. 1952-இல் மலிவான, வாய்வழி உண்ணத்தக்க ஐசோனியாசிட் வந்தபோது, அதைப் பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தோடு சேர்த்துத் தரும் முறை உருவானதற்கு இதுவே காரணம்.

1956: சேத்துப்பட்டில் எழுந்த கேள்வி

மருந்து கையில் இருந்தது, படுக்கைதான் இல்லை. 1955 முதல் 1958 வரை இந்தியாவில் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காட்டினருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதையும், நகரம் கிராமம் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை என்பதையும் காட்டியது. இத்தனை இலட்சம் பேரை ஓராண்டுக் காலம் சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை செய்யும் வசதி எந்த ஏழை நாட்டுக்கும் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. ஆனால் வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை செய்யலாம் என்று சொல்லவும் துணிவு இல்லை. ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் குடும்பத்தில், அரைவயிறு உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டு ஒருவர் குணமாவாரா என்பது ஓர் அச்சம். குணமாகும் வரை அவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நோயைக் கொடுத்துவிட மாட்டாரா என்பது அதைவிடப் பெரிய அச்சம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. தொடக்கத்தில் மையத்தை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னை நகரில், பெரும்பாலும் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த, சளியில் கிருமி உறுதி செய்யப்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் தங்கள் வீட்டிலேயே இருந்தனர். மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே: நாள்தோறும் ஐசோனியாசிட்டும் பாஸும். யார் எங்கே செல்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் ஆய்வின் உயிர்நாடி. மருத்துவரிடம் விட்டிருந்தால் நோய் முற்றியவரையும் நாதியற்றவரையும் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். அதன்பின் இரு பிரிவையும் ஒப்பிடுவதில் பொருள் இருந்திருக்காது.

வீட்டுப் பிரிவினர் மருந்தை உண்மையிலேயே உண்கிறார்களா என்பது அடுத்த சிக்கல். பாஸ் எளிதாக விழுங்கக்கூடிய மருந்து அன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் உண்ண வேண்டும். வயிற்றைப் புரட்டும், சிலருக்குப் பேதியாகும். நோயாளி வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றார். ஆனால் முன்னறிவிப்பு ஏதுமின்றி மையத்தின் பணியாளர் ஒருவர் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். எஞ்சியிருக்கும் மருந்தை வாங்கி எண்ணுவார். ஒரு சிறு புட்டியில் சிறுநீர் கேட்டு வாங்கிச் செல்வார். ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில சொட்டுகள் விட்டால், பாஸ் உண்டவரின் சிறுநீர் உடனே அடர்ந்த நிறத்துக்கு மாறும், உண்ணாதவருடையது மாறாது. மருத்துவ ஆய்வுகளின் வரலாற்றில் பெரிய கருவிகளைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. ஒரு குடிசையின் வாசலில் மாத்திரை எண்ணிய அந்தப் பணியாளரின் வேலை அவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது என் உறுதியான கருத்து.

முடிவுகள்

முதல் அறிக்கை 1959-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் வெளியானது. வீட்டுப் பிரிவில் 82 பேர், சானடோரியப் பிரிவில் 81 பேர் என 163 பேரின் முடிவுகள் ஒப்பிடப்பட்டன. ஓராண்டு முடிவில் நோய் அடங்கிக் கிருமியற்றவர்களாக இருந்தோர் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. தொடர்ந்து ஐந்தாண்டு வரை கண்காணித்தபோதும் நோய் திரும்புவதில் இரு பிரிவுகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

சானடோரியத்தில் இருந்தவர்கள் மேலான உணவு உண்டனர், நெடிது ஓய்வெடுத்தனர், நல்ல காற்றோட்டத்தில் உறங்கினர். எடையும் கூடுதலாக ஏறினர். வீட்டில் இருந்தவர்கள் குறைவாக உண்டனர்; பலர் உடல் சற்றுத் தேறியதும் வேலைக்குத் திரும்பிவிட்டனர். ஆயினும் குழிக்குள் இருந்த கிருமிகள் இரு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் மடிந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம்பிவந்த நான்கு தூண்களும், சரியான இரு மருந்துகள் ஒழுங்காக உள்ளே செல்லும் வரை, குணமாவதற்கு இன்றியமையாதவை அல்ல என்பது தெளிவாயிற்று.

இதன் விளைவு உலகளாவியது. இந்தியா 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. அதே மையம் 1964-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மருத்துவப் பணியாளரின் கண்முன்னே வாரம் இருமுறை கொடுக்கப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியாசிட்டும் அன்றாடச் சிகிச்சைக்குச் சளைத்ததன்று என்று காட்டியது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறை பின்னாளில் உலகெங்கும் பரவியதன் வேர்களில் ஒன்று இது. ரிஃபாம்பிசின் என்னும் மருந்து வந்த பிறகு சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியது.

வீட்டில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

இந்த ஆய்வில் எல்லோரும் எடுத்துச் சொல்வது 86, 92 என்னும் எண்களைத்தான். என் பார்வையில் அதைவிட ஆழமான செய்தி நோயாளிகளிடம் இல்லை. அவர்களுடைய குடும்பத்தாரிடம் இருக்கிறது.

இரு பிரிவு நோயாளிகளின் வீடுகளிலும் உடன் வாழ்ந்தவர்களை மையம் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்துவந்தது. நோயாளி ஓராண்டு கண்ணில் படாத தொலைவில் சானடோரியத்தில் இருந்த வீடுகள் ஒருபுறம். அவர் அதே அறையில், அதே பாயில் படுத்து இருமிக்கொண்டிருந்த வீடுகள் மறுபுறம். இரண்டாம் வகை வீடுகளில் கூடுதலாக நோய் வரும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். வரவில்லை. இரு வகை வீடுகளிலும் உடன் வாழ்ந்தவர்களுக்கு நோய் வந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இதை மேலோட்டமாகப் படிப்பவர், காசநோய் வீட்டில் பரவுவதில்லை போலும் என்று தவறாக எண்ணிவிடக் கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்தக் குடும்பங்களில் காசநோய் பொதுமக்களிடையே இருப்பதைவிட மிகுதியாகவே இருந்தது. ஆனால் அந்தத் தொற்றுகளுள் பெரும்பகுதி, நோயாளி முதன்முதலாகச் சளிப் பரிசோதனைக்கு வந்த நாளுக்கு முன்பே நிகழ்ந்து முடிந்திருந்தது. சாதாரண இருமல்தான், புகையால் வந்தது, பனியால் வந்தது என்று கசாயம் குடித்துக்கொண்டிருந்த மாதங்களில், தகட்டில் சிவப்புக் குச்சியை எவரும் தேடிப் பார்க்காத அந்த மாதங்களில், குழந்தைகளின் நுரையீரலுக்குள் முடிச்சுகள் உருவாகிவிட்டன. தொற்றியோருள் நோய்வாய்ப்படுபவர்களில் பாதிப்பேருக்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நோய் வெளிப்படும் என்று முன்னர் சொன்னதை இங்கே நினைத்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். மருந்து தொடங்கிய பின் நோயாளியைத் தாம்பரத்துக்கு அனுப்பினாலும் வீட்டில் வைத்திருந்தாலும், ஏற்கெனவே விதைக்கப்பட்டதை அது மாற்றாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலியும் அவருடைய குழுவினரும், காசநோயாளிகள் தங்கிய அறைகளின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகள் இருந்த கூண்டுகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். காற்று வழியே தொற்று பரவுவதை ஐயமின்றி மெய்ப்பித்த அதே ஆய்வு, பயனுள்ள மருந்து உண்ணத் தொடங்கிய நோயாளிகளிடமிருந்து தொற்று பரவுவது மிகக் குறைந்துவிடுவதையும் காட்டியது. ஆகவே குடும்பத்தைக் காத்தது மதிலும் தொலைவும் அல்ல, மருந்தின் முதல் சில நாள்கள்.

நோய்த் தடுப்பைப் பாடமாகச் சொல்லும்போது முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று படிகளாகப் பிரிப்பார்கள். தொற்றும் நோயும் வராமல் காப்பது முதல்நிலை. வந்ததைத் தொடக்கத்திலேயே கண்டு தடுப்பது இரண்டாம் நிலை. முற்றியதால் வரும் கேட்டைக் குறைப்பது மூன்றாம் நிலை. சென்னைக் குடும்பங்களின் கதை இந்தப் படிகளுக்கு இடையிலுள்ள சுவரைத் தகர்த்துவிடுகிறது. ஒருவரின் நோயை இரண்டு மாதம் முன்னதாகக் கண்டறிவது அவருக்கு இரண்டாம் நிலைத் தடுப்பு. அவருடைய மூன்று வயது மகளுக்கோ அதுவே முதல்நிலைத் தடுப்பு.

தடுப்பூசியிடம் இந்த வேலையை ஒப்படைக்க முடியாது என்பதும் தமிழ்நாட்டில்தான் தெரியவந்தது. அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள பகுதிகளில் 1968 முதல் 1971 வரை ஏறத்தாழ 2,60,000 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட பிசிஜி ஆய்வு, பதினைந்து ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின்னும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. மூளைக்காய்ச்சல் போன்ற, காசநோயின் கடுமையான வடிவங்களிலிருந்து பச்சிளங் குழந்தைகளைக் காப்பதால் பிறந்தவுடன் அதைப் போடும் வழக்கம் தொடர்கிறது; தொடரவும் வேண்டும்.

உணவு மீண்டும் வந்த வழி

சென்னை ஆய்வுக்குப் பின் உணவைப் பற்றிய பேச்சு காசநோய்த் துறையில் வெகுவாகக் குறைந்துபோயிற்று. மருந்து போதும் என்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதே! ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி, நோயாளியாகிவிட்ட ஒருவரின் கிருமி மடிவதற்கு நல்ல உணவு இன்றியமையாததா என்பது மட்டும்தான். தொற்றிய ஒருவர் நோயாளியாக மாறாமல் இருக்க உணவு உதவுமா என்பது வேறொரு கட்டத்துக்குரிய கேள்வி. அதை அந்த ஆய்வு கேட்கவும் இல்லை, விடை சொல்லவும் இல்லை. ஒரு கட்டத்தில் கிடைத்த விடையை இன்னொரு கட்டத்துக்குப் பொருத்திவிட்டோம் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கேள்வியை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்த ரேஷன்ஸ் என்னும் ஆய்வு கேட்டது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் ஊட்டப்பொருள் வழங்கப்பட்டது. வீட்டார்க்கோ ஒரு பிரிவில் மட்டும் வழங்கப்பட்டது. பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, அவற்றோடு நுண்சத்து மாத்திரைகள். 2023-இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற வீட்டாரிடையே காசநோய் 39 விழுக்காடு குறைந்திருந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயைத் தனியே எடுத்துப் பார்த்தால் குறைவு 48 விழுக்காடு.

பருப்பு கிருமியைக் கொல்வதில்லை. விழுங்கணுக்கள் கட்டிய முடிச்சு இறுகி நிற்கத் தேவையான வலுவை அது உடலுக்குத் தருகிறது. கிருமி, உடல், சூழல் என்னும் மூன்றின் சேர்க்கையாக நோயைப் பார்க்கும் பழைய பாடத்துக்கு, ஒரு மளிகைப் பையில் அடங்கும் அளவுக்கு எளிய சான்று கிடைத்திருக்கிறது. காற்றோட்டத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். குணமாக்கும் மருந்தாக அது பயன்படவில்லை. கண்டறியப்படாத நோயாளி இருமிக்கொண்டிருக்கும் பேருந்திலும், வகுப்பறையிலும், புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலும் திறந்த சன்னல் இன்றும் தொற்றைக் குறைக்கிறது.

இன்று ஒருவருக்குக் காசநோய் உறுதியானதும், அவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் அனைவரையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல். சிறைப்பட்டிருக்கும் கிருமி வெளியே வருவதற்குள் அங்கேயே அதை அழிப்பது இதன் நோக்கம். நடைமுறையில் இருமல் இல்லாத, நலமாகத் தோன்றும் ஒருவரை மாதக்கணக்கில் மருந்து உண்ண வைப்பது எளிதன்று. தொற்று வேறு, நோய் வேறு என்பதை அவருடைய மொழியில் பொறுமையாக எடுத்துச் சொல்லாமல் அது நடக்காது.

ஓய்வுக்கும் படுக்கைக்கும் உரிய இடமும் கண்டறியப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான நாளிலேயே, மருத்துவர் இல்லாவிட்டாலும் செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ சில எளிய சோதனைகளைச் செய்துவிடுகிறார். எடையும் உயரமும் பார்க்கிறார். காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார். விரல் நுனியில் கருவியை மாட்டிக் குருதியிலுள்ள உயிர்வளியின் அளவைக் குறிக்கிறார். நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறது என்று எண்ணுகிறார். பிறர் துணையின்றி எழுந்து நிற்கச் சொல்கிறார். மிக மெலிந்தவர், மூச்சுத் திணறுபவர், எழுந்து நிற்க முடியாதவர் ஆகியோர் மருத்துவமனைப் படுக்கைக்கு அனுப்பப்படுகின்றனர். சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் நிகழும் இறப்புகளில் பெரும்பகுதி இவர்களிடையேதான் நிகழ்கிறது. மற்றவர்கள் மாத்திரையைப் பெற்றுக்கொண்டு, 1956-இல் குலுக்கலில் வீடு என்று வந்தவர்களைப் போலவே, தங்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.